அருளப்பன் மாட்டிய உருளை

"கம்பியா, கயிறா? அதை மட்டும் சொல்லுங்க மேஸ்திரி."

ரெஜினாள் இப்படிக் கேட்பது மூன்றாவது தடவை. படகுப் பட்டறை மேஸ்திரி அமலிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் பழக வந்த ரெஜினாளுக்கு நாற்பத்தெட்டு. சின்னவளைப் போய் மேஸ்திரி என்கிறாளே என்று கரையில் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டுமே. அவர்களில் ஒருவருக்காவது ஃபைபர் படகைக் கீறல் விழாமல் டிரெய்லரில் ஏற்றத் தெரியுமா?

டிரெய்லரும், படகை அதன்மேல் இழுக்கிற விஞ்சும் ரெஜினாளுடையவை. விஞ்சில் இரும்புக் கம்பியைச் சுற்றிவிட்டவன் அவள் புருஷன் அருளப்பன். அவன் காய்ச்சலில் போய் ஒன்பது வருஷம். கம்பி துருவேறி, இழை இழையாய்ப் பிரிந்து, தொட்ட கையைக் கிழித்தது.

இழுக்கும்போது கம்பி அறுந்தால் சாட்டையாய்த் திரும்பி ஆளை அடிக்கும். அந்த வேகத்தை அமுக்க, அதன்மேல் ஈரச் சாக்கு போடுவது பட்டறை வழக்கம். ரெஜினாள் சாக்கு போடமாட்டாள். அருளப்பன் இடுப்பில் கட்டிய பழைய சாரத்தை நனைத்துப் போடுவாள். நனைந்ததும் அவன் வாசம் வரும். வருவதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

"நைலான் கயிறு அறுந்தா?"

"பொத்துன்னு கீழ விழும். சாக்கு வேண்டாம்."

"சாரம்?"

"அதும் வேண்டாம்க்கா."

ரெஜினாள் அமலியிடம் இன்னும் கேட்காத கேள்வி ஒன்றும் இருந்தது.

ஐஸ் லாரி ஓட்டும் சிலுவை, அவனும் துணையை இழந்தவன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி செத்த முதல் வருஷத் திருப்பலிக்கு முன்பே பெண் பார்க்கப் போகும் ஆண்களை ஒரு வார்த்தை சொல்லாத ஊர், ஒன்பது வருஷம் தனியே படுத்தவளை உத்தமி என்றது. அந்தப் பட்டத்தை இவள் கேட்டாளா? ஆனால் அவளைத் தடுத்தது ஊர் இல்லை. சிலுவை பேசினால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலிருக்கும்போதே அருளப்பன் முகம் வந்தது.

மறுநாள் அவளே நைலான் கயிறு வாங்கிவந்து மாட்டினாள். அமலி பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்குப் பின்னால் நின்றவர்களை மட்டும் விலகச் சொன்னாள்.

மூன்றாவது படகு பாதி ஏறியபோது கயிறு அறுந்தது. படகு சறுக்கி ஈர மணலில் நின்றது. கயிறு ரெஜினாளின் பாதத்தின்மேல் மெத்தென்று விழுந்தது.

"பாத்தீங்களா! கம்பி எத்தனை வருஷம் நின்னுச்சு. இது ஒரு நாள் தாங்கலை. பழசையே மாட்டிருவோம்."

"கயித்துக்கு வாய் இருந்தா உங்களை நாலு கேள்வி கேட்டிருக்கும்" என்றாள் அமலி. "இங்க வாங்க. தடவிப் பாருங்க."

கயிறு உரசி ஓடும் இரும்பு உருளையைக் காட்டினாள். கம்பி வருஷக்கணக்காய் ஓடி அதில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் விளிம்பு கத்தியாய் நின்றது. ரெஜினாள் விரலில் ரத்தம் துளிர்த்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லித் தொலைச்சா என்ன?"

"அண்ணன் மாட்டின உருளை. குறை சொன்னா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டாள்தான். ரெஜினாள் விரலைச் சூப்பிக்கொண்டாள்.

அமலி ஓர் அரத்தை எடுத்து நீட்டினாள். ரெஜினாள் பள்ளத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். துருவுக்கடியில் இரும்பு வெள்ளையாய்த் தெரிந்தது. அவள் கை நின்றுவிட்டது.

"மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை சிலுவைக்குப் பதில் சொல்லணும்."

ரெஜினாள் பள்ளத்தின் அடியில் விரலை ஓட்டினாள்.

"இந்தத் தடம் பூராத்தையும் தேச்சு எடுத்திரணுமா? ஒண்ணுமே இல்லாம?"

அமலி அவள் கையைப் பிடித்து, அரத்தைப் பள்ளத்திலிருந்து விளிம்புக்கு நகர்த்தி வைத்தாள்.

"தடம் இருந்துட்டுப் போகட்டும்க்கா. கயித்தை அறுக்குற பிசிறை மட்டும் எடுங்க."