செண்பகவல்லியின் சிவப்புக் கட்டம்

புள்ளியியல் பேராசிரியர் மெஹர்பானுவிடம் பாடம் கேட்க வந்தவர்களில் டாக்டர் தனபாலன்தான் மூத்தவர். ஆசிரியையை விடவே வயதில் பெரியவர். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு புதிதாக அவர் தலையில் விழுந்திருந்தது. மனிதருக்குக் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. கட்டம் போட்டால் வண்ணம் தீட்டாமல் விடமாட்டார்.

அன்று அவர் கொண்டுவந்த அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"அவசரப் பிரிவுல நடக்கிற சாவுல பாதி ஒரே டாக்டரோட டியூட்டியிலதான் மேடம். செண்பகவல்லி. அவங்களை மாத்தணும்னு அறிக்கை எழுதிட்டேன். நீங்களும் கையெழுத்துப் போட்டா நாளைக்கே அனுப்பிடலாம்."

மெஹர்பானு நிதானமாகப் படித்தார்.

"கூட்டல்ல தப்பே இல்ல. வாங்க, அங்க போய்க் கொஞ்சம் உக்காந்துட்டு வரலாம்."

அவசரப் பிரிவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு ஆட்டோ வந்து நின்றது. பணியில் இருந்த டாக்டர் வெளியே வந்து, ஆட்டோவில் கிடந்தவரின் கழுத்தைத் தொட்டார். கண்ணில் டார்ச் அடித்தார். "வரும்போதே முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்லி அழுதார்கள்.

"இது உங்க அட்டவணையில எங்க வரும்?"

"வராது மேடம். வரும்போதே இறப்புன்னு வாசல் பதிவுல ஒரு வரி எழுதுவாங்க. டாக்டர் பேர் இருக்காது. நான் உள்ளே சேர்த்தவங்களை மட்டும்தான் எடுத்தேன்."

மெஹர்பானு தலையசைத்தார். 

மதியம் பணி மாறியது. செண்பகவல்லி வந்தார். சற்று நேரத்தில் ஒரு வேனில் பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் மனைவி வண்டியிலிருந்து இறங்கும்போதே கும்பிட்டார்.

"கை இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்கு டாக்டரம்மா. பாருங்கம்மா."

செண்பகவல்லி கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தனபாலனும் டாக்டர்தானே, பெரியவரின் முகத்தைப் பார்த்ததுமே உயிர் போய்விட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் செண்பகவல்லி, "ஸ்ட்ரெச்சர்!" என்று குரல் கொடுத்தார். பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்து வாசலில் நின்று பார்த்தார்கள். உள்ளே போனதும் செண்பகவல்லி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். வியர்வை வழிந்தது. நர்ஸ் கை மாற்றினார், மறுபடியும் இவர். ஈசிஜி தாளில் கோடு நேராகவே ஓடியது. கடைசியில் வெளியே வந்து அந்த அம்மாளின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, தோளைத் தொட்டு விஷயத்தைச் சொன்னார்.

அந்த அம்மாள் அழுது ஓய்ந்து மகனுக்குப் போன் செய்தார்.

"எய்யா, அப்பா போயிட்டாவ... இல்லய்யா, டாக்டரம்மா விடவே இல்ல, எல்லாம் பண்ணிப் பாத்தாவ. நான் பிந்திக் கொண்டாரலய்யா... பிந்திக் கொண்டாரல."

தனபாலன் மெஹர்பானுவின் பக்கம் திரும்பினார். 

"இப்படிப் பண்ணி அவங்க எத்தனை பேரைப் பிழைக்க வச்சிருப்பாங்க மேடம்?"

"உங்க அட்டவணையிலயே நானும் தேடிப் பாத்தேன். இந்த வருஷம் ஒருத்தர்கூட இல்ல."

"அப்போ என் அறிக்கையில என்னதான் எழுதறது?"

மெஹர்பானு அட்டவணையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"உள்ள கொண்டுபோயும் பிழைக்காதவங்களுக்கு நேரா இவங்க பேரை எழுதிட்டீங்க. வாசலோட போனவங்களுக்கு நேரா யார் பேரை எழுதப் போறீங்க தனபாலன்?"