மூன்று மின்தேக்கிகளும் ஒரு தேரும்

கொன்றையூரில் தேரோடும் தெற்கு வீதியின் நடுவே, பஞ்சர் ஒட்டும் கடைக்கும் இட்டிலி மாவுக் கடைக்கும் இடையில், ஒருவர் படுத்தால் கால் தெருவில் நீளும் அளவினதாகிய கடை ஒன்றில் ஐயாறப்பனார் என்னும் அடியார் இருந்தார். பழைய கணிப்பொறிகளின் தாய்ப்பலகைகளுக்கு உயிர் கொடுப்பது அவர் தொழில். அப்பலகைகளில் சிறு தகரக் குப்பிகளைப் போல வரிசையாக நிற்கும் மின்தேக்கிகள், வயது ஏற ஏறத் தலை வீங்கி, உச்சி பிளந்து, உள்ளிருப்பதைக் கக்கிவிடும். வீங்கியதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்டால் பலகை பிழைத்துக்கொள்ளும். தலை வீங்கியது எதுவும் நெடுநாள் நில்லாது என்பதை ஐயாறப்பனார் அன்றாடம் கண்கூடாகக் கண்டார். ஊரார் கண்டாரில்லை. அவர்கள் அவருக்கு 'டப்பா சாமியார்' என்று பெயர் வைத்துச் சிரிப்பதிலேயே காலத்தைப் போக்கினர்.

ஒவ்வொரு மின்தேக்கியின் விலாவிலும் மேலிருந்து கீழாக வெளிறிய கீற்று ஒன்று உண்டு. கீற்றுள்ள பக்கத்துக் காலை அதற்குரிய துளையில்தான் இறக்கவேண்டும்; கால் மாறினால் வெடித்துவிடும். அடியாருக்கோ அது வெறும் குறியன்று, திருநீற்றுக் கீற்று. ஆதலால் மின்தேக்கிகள் யாவும் அவருக்குச் சிவனடியார்களே. பிடுங்கியவற்றைக்கூடக் குப்பையில் எறியாமல், ஒரு மாவு டப்பாவில் இட்டு வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சூடம் காட்டுவார். பழுது நீங்கிய பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் 'பீப்' என்று ஒருமுறை ஒலிக்கும். அதனை இறைவனின் மறுமொழியாகவே கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"ஊருல செத்துப்போன பொட்டிக்கெல்லாம் உசிரு குடுக்குறீங்க. நம்ம வீட்டு மிக்சி தீவாளியிலேருந்து கெடக்கு. அதுக்கு எந்தச் சாமி வரணும்?" என்பார் அவருடைய மனைவியார் தையல்நாயகி.

"மிக்சிக்கு நீறு இல்லையே, தையலு," என்பார் அடியார். அம்மையார் அம்மிக்குத் திரும்பிவிடுவார்.

கொன்றையீசர் கோயிலின் கணிப்பொறியைக் காப்பது அவர் பூண்ட தொண்டு. வைகறைதோறும் அதிலிருந்து எழும் பதிகம் ஒலிபெருக்கி வழியே வீதிகளை எழுப்பும். அதனைக் கேட்டபடி பல் துலக்குவதை ஐயாறப்பனார் தம் வாழ்நாட் பேறாகக் கருதினார்.

அக்கணிப்பொறி பழுதே பார்க்கவியலாத நிலையை அடைந்தபோது, அரிசி ஆலை முதலாளி நாகரத்தினம் தம் ஆலையில் கழித்துப்போட்ட பெட்டி ஒன்றைக் கோயிலுக்கு வழங்கினார். வழங்கியது பழசு, அதன் நெற்றியில் எழுதுவித்த 'உபயம்: வள்ளல் நாகரத்தினம்' என்னும் எழுத்துகள் மட்டும் புதியவை. பதிகத்துக்கு முன்னே தம்மைப் புகழும் உரை ஒன்றையும் பதிவு செய்து ஏற்றியிருந்தார்!

தேர்த் திருநாளன்று காலையில் அப்பெட்டி மூச்சை நிறுத்திக்கொண்டது. செயல் அலுவலர் புண்ணியமூர்த்தி, ஐயாறப்பனாரைக் கோயில் அலுவலகத்துக்கு வருவித்தார்.

"யோவ் சாமியாரே, ஐயாவோட கார் பைபாஸத் தாண்டிடுச்சாம். அவரு எறங்குறப்ப அவரு பேரு மைக்குல கேக்கணும். கேக்கலேன்னா இந்தப் பொட்டி காயலான் கடைக்கு, நீ உன் கடைக்கு. அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது."

"அப்ப விடியக்காலம் சாமிக்குப் பதிகம்?"

"சாமிய நான் பாத்துக்குறேன். நீ பொட்டியப் பாரு!"

வெளியே வைகாசி வெயிலில், வெறுங்காலோடு ஊரே வடத்தைப் பிடித்து நின்றது. மூன்று வேட்டுகள் ஒலித்தால் தேரை இழுக்கவேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். நாகரத்தினம் வந்து வடம் தொடும்வரை வேட்டுப் போடக்கூடாது என்பது அலுவலரின் ஆணை. உலகங்களை இயக்குகின்ற பெருமானை ஓர் அரிசி ஆலைக்காரருக்காக நிறுத்தி வைத்தனர். கேட்பார் இல்லை.

ஐயாறப்பனார் பெட்டியைத் திறந்தார். மூன்று மின்தேக்கிகள் தலை வீங்கி நின்றன. அவற்றைப் பிடுங்கினார். பலகையில் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு வட்டமும், அதில் ஒரு பாதி வெள்ளையுமாக அச்சிட்டிருப்பர். வெள்ளைப் பாதியில் கீற்றுள்ள கால் இறங்கவேண்டும் என்பதே அவர் பழகிய பலகைகளின் முறை. நீறு வெள்ளை, இடமும் வெள்ளை; ஐயத்துக்கு இடமேது? அவ்வாறே நட்டார். அந்தப் பலகையைச் செய்தவர்கள் மட்டும் முறையைத் தலைகீழாக்கி, எதிர்க்காலுக்கு வெள்ளையை அடித்திருந்தனர்.

அவர் மின்விசையைத் தட்டியபோது, அருகில் நின்ற புண்ணியமூர்த்தி ஒலிவாங்கியை வாயருகே பிடித்து, "பக்தகோடிகள் அமைதி காக்கவும். வள்ளல் நாகரத்தினம் ஐயா அவர்கள் இன்னும் சற்று நேரத்தில்..." என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

டம். டம். டம்.

ஒலிபெருக்கிகள் அனைத்தும் அதனை நான்கு வீதிகளிலும் முழக்கின.

"வேட்டுப் போட்டாச்சு! இழுங்கடா!"

"அரோகரா!"

முட்டுக்கட்டைகள் விலகின, தேர் அசைந்தது. அப்போதுதான் கிழக்கு வீதியில் காரிலிருந்து இறங்கிய நாகரத்தினம், சால்வை புழுதியில் புரளத் தேரின் பின்னே ஓடினார். வடமோ தேரின் முன்னே இருந்தது.

புகை நடுவே இருமிய புண்ணியமூர்த்தி, ஒலிவாங்கியை இறக்காமலே, "சாமியாரே, குண்டாய்யா வெச்ச? பொட்டியத் தூக்கிட்டு ஓடிப்போயிடு! இனிமே இங்க உன்னப் பாத்தேன்னா..." என்று கத்தினார்.

அடியார் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சந்து வழியே கடையை அடைந்தார். பலகையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் பிழை விளங்கிற்று. தொண்டு பறிபோனதற்கு அழாதவர் இப்போது விம்மினார். "மூணு அடியாரக் கால் மாத்தி நிக்க வெச்சுக் கொன்னுட்டேனே!"

மோர்ச் செம்போடு வந்த தையல்நாயகி அவரைப் பார்த்தார். "அழுதது போதும். வேற கெப்பாசிட்டர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நட வேண்டியதுதானே?"

"இனிமே கோயிலுக்குள்ள விடமாட்டாங்களே."

"விடலேன்னா என்ன? இங்கேருந்தே பாடட்டும். சாமிக்குக் காது கேக்காதா?"

ஐயாறப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்தார். இரண்டு மின்தேக்கிகளை நட்டு மூன்றாவதைப் பற்றவைக்கும் வேளையில், தெற்கு வீதியில் உருண்டு வந்த தேர் அவருடைய கடைக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

இழுத்தனர், நகரவில்லை. நெம்பினர், நகரவில்லை. முட்டுக்கட்டை போடும் குமாரசாமி குனிந்து பார்த்தார். சக்கரத்தின் கீழே கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. நிமிர்ந்தார், கடை தெரிந்தது.

"அட, வேட்டுப் போட்ட மனுசன் கடையில்ல இது? அவரு வடத்தத் தொடாம எப்படிய்யா நகரும்? சாமியாரே! வெளிய வாங்க, சாமி நிக்குது!"

தலையை நிமிர்த்தாமலே உள்ளிருந்து விடை வந்தது. "இன்னும் ஒரு கால்தான் பாக்கி. கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."

தையல்நாயகி தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, யார இருக்கச் சொல்றீங்கன்னு பாருங்க!"

அவர் நிமிர்ந்தார். கடைவாயில் முழுவதும் தேராக இருந்தது. மேலே, மாலைகளுக்கு நடுவே, கொன்றையீசர் அவரையே நோக்கியிருந்தார். கைகளைக் குவிக்கப் போனார். ஆயினும் ஈயம் பாதி உருகியிருந்ததே!

"ஈயம் ஆறிப்போனா ஒட்டாதுப்பா," என்றார் பெருமானிடம். "ஒரு நிமிஷம்."

பெருமான் இருந்தார். மூச்சிரைக்க ஓடி வந்த நாகரத்தினமும், பின்னே வந்த புண்ணியமூர்த்தியும், வடம் பிடித்த அத்தனை பேரும் ஓர் ஈயப்பற்று இறுகும்வரை நின்றனர். அடியார் கீற்றை ஒருமுறை, வட்டத்தை ஒருமுறை, மீண்டும் கீற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மின்விசையைத் தட்டினார்.

'பீப்.'

கன்னத்தில் போட்டுக்கொண்டு, சூட்டுக்கோலை மனைவியாரிடம் கொடுத்துவிட்டு, தெருவில் இறங்கி வடத்தைத் தொட்டார். தேர் நகர்ந்தது. அவர் கை படுவதற்கு முன்பே, அந்த ஒலி கேட்டபோதே சக்கரம் அசைந்துவிட்டது என்று குமாரசாமி இன்றும் சாதிக்கிறார்.

அன்று மாலை புண்ணியமூர்த்தி கடைக்குத் தாமே நடந்து வந்து, "ஐயாறப்பரே, பொட்டிய நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்க," என்றார். மறுநாள் வைகறையில் பதிகம் ஓர் எழுத்தும் குறையாமல் ஒலித்தது. அதன் முன்னிருந்த வள்ளல் புகழுரை மட்டும் அழிந்துபோயிருந்தது. காரணம் கேட்டவர்களிடம் தமக்குத் தெரியாது என்றார் அடியார்; உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

மிக்சி இன்னும் ஓடவில்லை.

செல்வர் ஒருவருக்காக நிறுத்தி வைத்தபோது நில்லாமல், தொண்டர் ஒருவரின் ஈயம் இறுகும்வரை நின்றருளினார் கொன்றையீசர். அப்பெருமானையே 'கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க' என்ற ஐயாறப்பனாரின் சூடுபட்ட விரல்களை வணங்குவோம்.