வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு வண்டி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு சிவப்பு வண்டி இருந்ததாம். ராஜா இல்லாத ஊர். அதனால் பம்புசெட் செய்து விற்கிற கிட்டுசாமிதான் அதில் போனார், வந்தார்.

இரண்டே பேர் உட்காருகிற கார். இன்ஜின் முதுகுக்குப் பின்னால். கோத்தகிரி மலைப்பாதையில் அது ஏறினால், தேயிலை பறிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கதை அந்த வண்டியைப் பற்றியது இல்லை. அதைக் கழற்றியவரைப் பற்றியது.

அவர் பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்திரண்டு.

ஒரு நாள் காலையில் அவர் தன் குருவின் முன்னால் போய் நின்றார். காரமடைக்கு வெளியே தகரக்கூரை போட்ட பட்டறை. குருவின் பெயர் வசந்தாமணி. வயது முப்பத்து மூன்று. பந்தய வண்டிகளுக்கு இன்ஜின் கட்டிக்கொடுத்த கை.

“அம்மணி, நான் வந்து ஒரு வருசமாச்சுங்க.”

“ஆச்சுங்ணா.”

“இன்னும் ஒரு சர்வீஸ் லிஸ்ட்டுல கூட என்னைக் கையெழுத்துப் போட விடலைங்க.”

“விடலை.”

“நான் எப்பங்க ஊருக்குப் போயி கடையைத் திறக்கறது?”

வசந்தாமணி கையிலிருந்த ஸ்பேனரால் சிவப்பு வண்டியைக் காட்டினாள்.

“பெரிய சர்வீஸு. எதை மாத்தோணும், எதை விடோணும்னு நீங்களே எழுதுங்க. சரியா இருந்தா நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

குழந்தைவேலு வண்டியைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சும்மா தொட்டுவிட முடியுமா பின்னே?

மூன்று வருடத்துக்கு முன்னால் புளியம்பட்டியில் அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. ஒரு நாள் ஒரு காய்கறி வேன் வந்தது. அதன் பிரேக் ஹோஸை, அந்த ரப்பர்க் குழாயை, கட்டைவிரலால் ஒரே ஓர் அழுத்து அழுத்திவிட்டு, “இன்னும் ஆறு மாசம் தாங்கும், போப்பா” என்றார்.

நாலாம் நாள், திம்பம் மலை இறக்கத்தில் அது வெடித்தது.

வேனை ஓட்டிய ரங்கன் பிழைத்துக்கொண்டான். இடது கால்தான் அதற்கப்புறம் மடங்கவில்லை.

அன்றிலிருந்து குழந்தைவேலு பழசு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவனுக்கும் பிரேக்கை மாற்றினார். “அவருகிட்ட மணி கேக்காதீங்கடா, கைக்கடியாரத்துக்கும் பிரேக் போட்டு விட்டுருவாரு” என்று டீக்கடையில் சிரித்தார்கள். வந்தவர்கள் வராமல் போனார்கள். ஷட்டர் இறங்கியது.

அப்படி இறங்கிய ஷட்டரை ஏற்றத்தான் அவர் காரமடைக்கு வந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தரையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய உருப்படிகளைக் கழற்றிய வரிசையிலேயே அதில் வைக்கவேண்டும். மாற்றவேண்டியதன் பக்கத்தில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு கோடு. மாற்றவேண்டாததன் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

குழந்தைவேலு இன்ஜினை இறக்கினார். துணியில் நாற்பத்து மூன்று உருப்படிகள் வந்தன.

நாற்பத்து மூன்று கோடு போட்டார்.

வசந்தாமணி வந்து பார்த்தாள்.

“அத்தனையுமா?”

“அத்தனையுந்தானுங்க.”

“இந்த போல்ட்டு?”

“பழசுங்க அம்மணி.”

“என்ன வயசு?”

“வண்டிக்குப் பன்னெண்டு. அதுக்கும் பன்னெண்டுங்க.”

“உங்களுக்கு?”

“அம்பத்திரண்டுங்க.”

அவள் சாக்கட்டியை வாங்கி அவர் சட்டையின் மார்பில் ஒரு கோடு இழுத்தாள். டீ குடிக்கப் போய்விட்டாள்.

குழந்தைவேலு பின்னாலேயே போனார்.

“கேலி பண்றீங்க. பன்னெண்டு வருசம் ஓடுனது நாளைக்கு உடையாதுன்னு யாருங்க சொல்றது?”

“நாளைக்கு மாட்டற புதுசு நாளன்னைக்கு உடையாதுன்னு யாருங்ணா சொன்னது?”

அவள் அவருக்கும் ஒரு டீ வாங்கி நீட்டினாள்.

“ரங்கன் வண்டியில வெடிச்சுதே, அந்த ஹோஸு. எந்த எடத்துல வெடிச்சுது?”

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலைங்க.”

“எடுத்துப் பாக்கலையா?”

“தொடவே இல்லைங்க. வேறெவனோ கழட்டி வீசுனான். நான் அந்தப் பக்கமே திரும்பலைங்க.”

வசந்தாமணி டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸை வைத்தாள். வேலைக்குப் போனாள்.

குழந்தைவேலு இரண்டு நாள் யோசித்தார். பார்க்கவில்லை என்பதுதானே குறை? சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார். பார்ப்பதற்கு வசதியாக என்ன செய்தார் தெரியுமா? நாற்பத்து மூன்றையும் மண்ணெண்ணெயில் போட்டு இரண்டு தடவை கழுவினார். பல் துலக்குகிற பிரஷ் போட்டு இடுக்கு இடுக்காகத் தேய்த்தார். எல்லாம் கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி மின்னின. தேய்ந்தது, நசுங்கியது என்று கண்ணுக்குப் பட்டவைக்கு மட்டும் கோடு போட்டார்.

ஒன்பதே கோடு. அவருக்கே பெருமை தாங்கவில்லை.

வசந்தாமணி துணியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“கழுவுனீங்களா?”

“பளபளன்னு இருக்குதுங்களா?”

“இருக்குது. கிட்டுசாமி அண்ணன் என்ன குறை சொன்னாரு?”

“வண்டி நின்ன எடத்துல ஒரு சொட்டு ஆயில் விழுதுன்னாருங்க.”

“எதுல இருந்து?”

குழந்தைவேலு துணியைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினார். ஆயில் ஒழுகிய தடம் இல்லை. தூசு ஒட்டிய கறை இல்லை. ஒன்றிலுமே ஒன்றும் இல்லை.

“தெரியலைங்க.”

“முந்தாநேத்து வரைக்கும் அதுங்க சொல்லிட்டுத்தான் இருந்துச்சு. நீங்கதான் சாட்சியைத் தலைக்குக் குளிப்பாட்டி விட்டுட்டீங்க.”

அவள் எழுந்தாள்.

“எல்லாத்தையும் திரும்ப மாட்டுங்க.”

“புதுசுங்களா?”

“பழசையேதான். பெல்ட்டும் கேஸ்கட்டும் மட்டும் புதுசு. அதுங்களைக் கழட்டுனா மறுபடி போடக் கூடாது, அதுல பேச்சே இல்லை. மத்ததெல்லாம் இருந்த எடத்துக்கே போகட்டும்.”

“அம்மணி, நாலு நாள் வேலைங்க!”

“நான் அஞ்சுன்னு நினைச்சேன். பரவால்லையே.”

மூன்றாம் நாள் கிட்டுசாமி வந்தார். வெள்ளைச் சட்டை கறையாகிவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க அம்மணி, நம்ம வண்டி ஆச்சுங்களா?”

“கழட்டுனதை மாட்டறோமுங்க.”

“எல்லாம் மாத்தியாச்சா?”

“ஒண்ணும் மாத்தலை.”

“அப்பறம் எதுக்குங்க கழட்டுனது?”

“குளிப்பாட்டறதுக்கு.”

சிரிக்கலாமா கூடாதா என்று கிட்டுசாமிக்குத் தெரியவில்லை.

“பழசுன்னு ஒண்ணை விடாதீங்க, மாத்திருங்க. எனக்கு எல்லாம் புதுசா இருக்கோணும்.”

“அப்ப புது வண்டியே எடுத்துக்கலாமுங்களே.”

“அதெப்படிங்க? எனக்கு இந்த வண்டிதான் வேணும்.”

“எந்த வண்டி?”

கிட்டுசாமி பாதி மாட்டிய இன்ஜினைப் பார்த்தார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அடுத்த சனிக்கிழமை எம்மவ வர்றா. கூட்டிட்டுக் கோத்தகிரி போயிட்டு எறங்கோணும். கொண்டை ஊசி வளைவுல புள்ளைய வெச்சுட்டு நான் யோசிச்சுட்டு உக்கார முடியாதுங்க.”

வண்டிக்கு அடியிலே ‘டங்’ என்று ஒரு சத்தம். குழந்தைவேலுவின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

மாட்டி முடித்ததும் குழந்தைவேலு வண்டியை எடுத்துக்கொண்டு சிறுமுகை வரைக்கும் போய் வந்தார். மறுநாளும் போய் வந்தார். ரோட்டுத் தூசு அத்தனையும் அடியிலே ஏறி உட்கார்ந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

இந்த முறை கழுவவில்லை. துடைக்கவும் இல்லை. கையில் ஒரு விளக்கு மட்டும்.

சொட்டு விழுகிற இடத்தில் விரலை வைத்தார். ஈரத் தூசு கறுப்புக் கோடாக மேலே போயிற்று. விரலும் கூடவே போயிற்று. ஹோஸைத் தாண்டியது. பம்பைத் தாண்டியது. இன்ஜினின் தோள்பட்டையில் ஒரு சின்னக் குழாய். அதை ஒரு கிளிப் பிடித்திருந்தது. கிளிப்பைத் தளர்த்தினார்.

அடியிலே, தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல்.

அந்தக் குழாய் துணிக்கே வந்ததில்லை. இன்ஜினோடு ஒட்டியே இருந்துவிட்டது. அதற்குக் கோடு போட அவருக்குத் தோன்றியதும் இல்லை.

குழந்தைவேலு தரையில் உட்கார்ந்து சிரித்தார். வசந்தாமணி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்ணா?”

“நாப்பத்தி மூணையும் புதுசா மாத்தியிருந்தாலும் இது சொட்டிட்டேதான் இருந்திருக்குமுங்க அம்மணி.”

“பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“அப்ப மறுபடி கழட்டுங்க.”

மறுபடி இன்ஜின் இறங்கியது. மறுபடி வெள்ளைத் துணி. அழுக்கோடு அழுக்காக ஒவ்வொன்றையும் கையில் எடுத்தார். ஒரு பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றினார். சோற்றில் கல் கடிபடுகிற சத்தம். கோடு போட்டார். இன்னொன்று சத்தமே இல்லாமல் சுற்றியது. கீழே வைத்தார். ஒரு தண்ணீர் ஹோஸ் வெந்த வெண்டைக்காயாய் நொளுநொளுத்தது. கோடு. பக்கத்து ஹோஸ் அதன் வயசுதான், திடமாக இருந்தது. அதை வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் ஆயிற்று. பெல்ட்டும் கேஸ்கட்டும் போக, விரிசல் விட்ட குழாயையும் சேர்த்து ஏழு கோடு.

வசந்தாமணி துணியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ஒரு கோட்டையும் அழிக்கவில்லை. ஒரு கோட்டையும் போடவில்லை.

சனிக்கிழமை காலை. வண்டி முழுசாக நின்றது. லிஸ்ட்டில் எல்லா வரியும் எழுதியாயிற்று. ஒரே ஒரு வரிதான் பாக்கி.

முன்பக்க இடது பிரேக் ஹோஸ்.

போன வருடம் மாட்டியது. பெட்டி பிரிக்காத புது ஹோஸ் ஒன்று தயாராக இருந்தது. குழந்தைவேலு அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது மணிக்கு நின்றவர் பத்து மணிக்கும் நின்றார்.

“பதினொண்ணுக்கு அவங்க வந்துருவாங்க” என்றாள் வசந்தாமணி.

“அம்மணி, ஏறி உக்காந்து பிரேக்கை மிதிங்க.”

குரு ஏறி உட்கார்ந்தாள். சீடர் சக்கரத்துக்குள் தலையை விட்டார்.

“மிதிங்க.”

மிதித்தாள்.

“உப்புதா?”

“இல்லைங்க.”

“கசியுதா?”

“இல்லைங்க. இன்னும் அழுத்தி.”

அழுத்தினாள். அவர் ஹோஸை விரலால் சுற்றிப் பிடித்தார். வளைத்தார். விளக்கைப் போட்டு முழு நீளமும் பார்த்தார். சக்கரத்தை இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“மறுபடி மிதிங்க.”

“இது முப்பதாவது தடவைங்ணா. என் காலையும் லிஸ்ட்டுல எழுத வேண்டியதாயிரும்.”

“இன்னும் ஒரே ஒரு தடவைங்க.”

மிதித்தாள்.

குழந்தைவேலு வெளியே வந்தார். முழங்காலில் மண்.

“ஹோஸு நல்லா இருக்குதுங்க.”

“அப்ப கையில எதுக்குப் புதுசு?”

அவர் கையைப் பார்த்தார்.

“இது வண்டிக்கு இல்லைங்க அம்மணி. எனக்கு.”

வசந்தாமணி இறங்கி வந்தாள். அவர் கையிலிருந்த புது ஹோஸை வாங்கி அலமாரியில் வைத்தாள். பேனாவை நீட்டினாள்.

குழந்தைவேலு கடைசி வரியில் ‘மாற்ற வேண்டாம்’ என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றது.

“அதை எழுதிட்டேனுங்க. இன்னும் பயமா இருக்குதுங்களே. இந்தப் பயத்தை என்னங்க பண்றது?”

வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். துணியில் கிடக்கிற உருப்படியைப் பார்ப்பது போலவே, அவசரமில்லாமல் பார்த்தாள்.

“அது நல்ல உருப்படிங்ணா. மாத்திப்போடாதீங்க.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

கிட்டுசாமியும் மகளும் வந்தார்கள். ஏறினார்கள். வண்டி மலைப் பக்கம் திரும்பியது. சத்தம் கேட்கிற வரைக்கும் குழந்தைவேலு கேட்டுக்கொண்டு நின்றார்.

வசந்தாமணி கை கழுவ உள்ளே போனாள்.

குழந்தைவேலு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, புளியம்பட்டி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்.