முதல் இலைக்கு வந்தவர்

முன்னொரு காலத்தில், மழை மட்டும் ராஜாவின் உத்தரவுக்குக் காத்திராத ஒரு நாட்டில், தாண்டவராயன் என்றொரு விகடகவி இருந்தான். யாரையும் விட்டுவைக்காத வாய். ஆனால் மலையடிவாரச் சத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த வாய் அடங்கிவிடும். ஒரு காலத்தில் பசியில் சுருண்டு கிடந்த அவனுக்குச் சோறு போட்ட இடம் அது.

அந்த மலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சித்தர் வாழ்கிறார், என்றைக்காவது யார் உருவத்திலாவது இறங்கி வருவார் என்று ஊரே நம்பியது. அதனால் தினமும் முதல் இலை அவருக்குத்தான். சமையல்காரி பூவாயி, முதலில் வரும் வழிப்போக்கரின் காலைக் கழுவி அந்த இலையில் உட்கார வைப்பாள். அரண்மனை அரிசியும் சித்தர் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது.

விகடகவியைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் காளிங்கராயர் ராஜாவிடம் பற்றவைத்தார்.

"மகாராஜா, இல்லாத சித்தருக்கு அரிசி எதற்கு? உண்டென்றால் தாண்டவராயன் காட்டட்டுமே!"

ராஜாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

"தாண்டவராயா, நாளை சித்தரை உடம்போடு என் சபையில் காட்டு. அவரை நேரில் கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையேல் சத்திரத்து அடுப்பு அணையும்."

தாண்டவராயன் அன்றே சத்திரத்துக்கு நடந்தான்.

மறுநாள் அவன் பூவாயியை மட்டும் அழைத்து வந்தான்.

"சித்தர் எங்கே?" என்றார் காளிங்கராயர்.

"முன்பே வந்து அமர்ந்துவிட்டார். சாட்சி சொல்லட்டும்."

பூவாயி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "பார்த்திருக்கேன் சாமி. போன ஐப்பசி மழையில முதல் இலைக்கு வந்தாரு. முழங்கால் வரைக்கும் சேறு, நாந்தான் கழுவி விட்டேன். மறுபடி மறுபடி சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. ரசத்துல உப்புக் கம்மின்னாரு. அப்புறம், பசின்னா என்னன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லி அழுதுட்டாரு."

ராஜாவின் முகம் சிவந்தது. வேட்டையில் வழிதவறிய அன்று, நகைகளைக் கழற்றிவிட்டு அங்கே சாப்பிட்டவர் அவரே. வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாண்டவராயனிடம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தார். அவன் இன்றும் வாய் திறக்கவில்லை.

பூவாயி மெல்ல நிமிர்ந்தாள். "ஐயோ, இதோ இருக்காரே!"

"அவர் மகாராஜா, சித்தரல்ல!" என்று துள்ளினார் காளிங்கராயர். "ஆக, சித்தர் இல்லை என்று தெரிந்துவிட்டது!"

"சாமி, ராசான்னு தெரியாமத்தானே அன்னைக்குச் சோறு போட்டேன்? அப்படித் தெரியாம இன்னும் யார் யாருக்குப் போட்டேனோ! அதுல ஒருத்தர்கூட அவர் இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க?" என்றவள், அமைச்சரைப் பார்த்து இரங்கினாள். "உங்க முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு? சாப்பிட்டீங்களா? நாளைக்கு வாங்க. யார் கண்டா, நீங்களே அவரா இருக்கலாம்."

ராஜா கண்ணீர் வரச் சிரித்தார். சத்திரத்துக்கு இரட்டிப்பு அரிசி என்று உத்தரவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயனிடம் நீட்டினார்.

"முத்து வேண்டாம் மகாராஜா. ரசத்துக்கு ஒரு வண்டி உப்பு கொடுத்தால் போதும்" என்றான் அவன்.

ராஜா மறுபடி சிரித்து, மாலையை அவன் கழுத்தில் போட்டு, உப்பையும் அனுப்பி வைத்தார்.

மறுநாள் சத்திரத்துக்கு முதலில் வந்து நின்றவர் காளிங்கராயர். பூவாயி அவர் காலையும் கழுவினாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் தலையே நிமிரவில்லை.