தாளில் ஏறும் சத்தம்

முதலில் நூற்பாலையின் ஜன்னல்களை அடைத்தார்கள். காற்றுப் பட்டால் நூல் காய்ந்துவிடுமாம். பிறகு, ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தாமலே துடைக்கச் சொன்னார்கள். அதன் பிறகு, கேள்வி கேட்ட எங்கள் சங்கத்தை அழைத்து டீ கொடுத்தார்கள், குடித்தவர்களும் உண்டு. கடைசியாக ஒருத்தியின் சேலை பல்சக்கரத்தில் சிக்கியது. செத்தவள் ஆலைத் தொழிலாளியே இல்லை, யாரோ வழிதவறி உள்ளே வந்தவள் என்றது நிர்வாகம்.

விசாரணை வைத்தார்கள். எங்கள் ஆட்கள் மூன்று பேர் சாட்சி சொல்லப் போனார்கள். மூவரையும் அதிகாரி பாதியில் வெளியே அனுப்பினார். மிரட்டுகிறார்களாம். இயந்திர இரைச்சலில் பேசிப் பழகியவர்களுக்கு, வீட்டில் உப்புக் கேட்பதும் கூச்சலாகத்தான் வரும்.

மிச்சமிருந்த சாட்சி முனீஸ்வரி. அவள் குரலைப் பழக்கும் வேலை தோழர் எஸ்தருக்கு. சங்கத்தில் பேச்சு வகுப்பு எடுப்பவர் அவர்.

எஸ்தர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். "சொல்லு. எழுதிக்கிறேன்."

முனீஸ்வரி சொன்னாள். சங்கத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. முடித்ததும் எஸ்தர் தாளைத் திருப்பிக் காட்டினார். வெறும் தாள்.

"என்ன தோழர், ஒண்ணுமே எழுதலையே!"

"எழுதலைன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"இப்பத்தான்."

"பேனா ஓடுனா தாள்ல சத்தம் வரும். அது உன் காதுல விழுற அளவுக்குப் பேசு."

மறுபடி சொன்னாள். மறுபடியும் வெறும் தாள்.

"உன் மாமியாருக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

"இருந்துச்சு தோழர். நான் வாக்கப்பட்டு வர்ற வரைக்கும்."

எஸ்தர் சிரிக்கவில்லை. "மறுபடி."

முனீஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ உசுரைக் குடுத்துக் கத்துனா தோழர். பக்கத்து மெஷின்ல நின்ன எனக்கே கேக்கலை. அவளுக்காகப் போயி நான் மெதுவாப் பேசணுமா?"

"அவ கத்துனது மெஷின்கிட்ட. நீ பேசப் போறது மனுசன்கிட்ட." எஸ்தர் சற்று நிறுத்தினார். "மனுசன்னு வச்சுக்குவோம். எந்திரி."

அடுத்த விசாரணை நாளில் முனீஸ்வரி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவளை அனுப்ப அதிகாரிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எழுதினார். அவள் வந்து கடைசி பெஞ்சில் எஸ்தர் அருகில் உட்கார்ந்தாள்.

எழுதியதைச் சாட்சிகள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதிகாரி உதட்டுக்குள்ளேயே வாசித்தார். செத்தவளின் பெயர் வந்த இடத்தில் இருமிக்கொண்டார். ஆலை மானேஜர் மேஜையைப் பார்த்தார்.

முனீஸ்வரிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எஸ்தர் அவள் மணிக்கட்டை அழுத்திவிட்டு எழுந்தார்.

"ஐயா, உங்க குரல் இங்க வரைக்கும் வரலை. அந்தப் பேரை மட்டும் கொஞ்சம் சத்தமா."

சொன்னவர் உட்காரவில்லை. பெஞ்சுகளில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆவுடைத்தாய். நூற்புப் பிரிவுத் தொழிலாளி."