துரைக்கு வாள் கொடுத்த கதை

வெள்ளாற்றூர் சமஸ்தானத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான், துரைகளின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி பொன்னையப் பிள்ளை. அவருக்கும் அது தெரியாது என்கிற விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். பட்டாளத்துக்கு ரொட்டி போட்ட மாமாவோடு கொஞ்ச காலம் சுற்றியதில், சோல்ஜர்கள் பேசியதைக் காதில் வாங்கியவர். அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டே துபாஷி உத்தியோகத்தையும், அதற்கு மானியமாக ஆற்றோரத்தில் நல்ல நஞ்சை நிலத்தையும் பிடித்துவிட்டார். சாமர்த்தியம்தான், இல்லையா?

போன வருஷம் வந்தது வினை. பழைய துரைக்கு மகாராஜா பட்டுச் சால்வை கொடுத்தார். கொடுக்கும்போது இங்கிலீஷில் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டார். "ஹியர் யூ கோ" என்று சொல்லிக் கொடுத்தார் பிள்ளை. சோல்ஜர்கள் ரொட்டியைத் தூக்கிப் போடும்போது அதைத்தான் சொல்வார்கள். மகாராஜாவும் கம்பீரமாகச் சொன்னார். துரை சிரித்தார். துரைசானி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அது கூட்டாளிக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தைத் தூக்கிப் போடும்போது சொல்கிற பேச்சு என்று வெளியூரில் விசாரித்து வந்து மகாராஜா காதில் போட்டவர் திவான் கோபண்ணா. பிள்ளையின் நிலத்தின் மேல் திவானுடைய மச்சானுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

இந்த வருஷம் புதுத் துரை வருகிறார். பரம்பரை வாளைப் பரிசாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

"மரியாதையான இங்கிலீஷ் நான் விசாரித்து வைத்திருக்கிறேன். 'ஐ பெக் டு ப்ரெசென்ட்' என்று சொல்ல வேண்டும்" என்றார் திவான்.

"அதுக்கு என்ன அர்த்தம் பிள்ளை?" என்றார் மகாராஜா.

"கெஞ்சிக் கேட்டுக்கொண்டு கொடுக்கிறேன்னு அர்த்தம், மகாராஜா."

"வாளும் என்னுது, கொடுக்கிறவனும் நான். நான் எதுக்கய்யா கெஞ்சணும்?" மீசை துடித்தது. "தூக்கியும் போடக்கூடாது, கெஞ்சவும் கூடாது. நாளைத் தர்பாருக்குள் வழி சொல்லும். இல்லையென்றால் உம்ம நிலம் திவான் மச்சானுக்கு."

பிள்ளை வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். தெரிந்த இங்கிலீஷையெல்லாம் மனசுக்குள் துழாவிப் பார்த்தார். ரொட்டியைத் தாண்டி ஒன்றும் தேறவில்லை. மறுநாள் காலையில் மகாராஜாவிடம் போய் நின்றார்.

"துரையும் பரிசு கொண்டு வர்றார். விருந்தாளியே முதல்ல கொடுக்கட்டும். அவர் என்ன சொல்லிக் கொடுக்கிறாரோ, அதையே நீங்களும் சொல்லிக் கொடுத்திடுங்க. அப்புறம் யார் குறை சொல்ல முடியும்?"

மகாராஜாவுக்கு அது பிடித்துவிட்டது.

தர்பார் கூடியது. துரை ஒரு தங்கக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழிலேயே சொன்னார்:

"இந்தாய்யா, புடி."

திவான் முகத்தில் கல்யாணக் களை. மகாராஜாவின் கை வாளின் பிடிக்குப் போனது.

பிள்ளை ஓடிப்போய் அவர் காதருகில் குனிந்தார். "கோபப்படாதீங்க மகாராஜா. பாவம், துரை தமிழை அவர் சமையல்காரன்கிட்டக் கத்துக்கிட்டிருக்கார். நான் இங்கிலீஷ் கத்துக்கிட்ட லட்சணத்துக்கு இது எவ்வளவோ தேவலை. உங்களுக்கு மரியாதை செய்யணும்னுதான் மனப்பாடம் பண்ணியிருக்கார். அந்த முகத்தைக் கொஞ்சம் பாருங்க."

மகாராஜா பார்த்தார். துரைக்கு நெற்றியெல்லாம் வியர்வை. பாடம் ஒப்பித்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். போன வருஷம் தானும் இப்படித்தானே நின்றோம் என்று மகாராஜாவுக்கு மனசு இளகிவிட்டது.

கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். வாளை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"இந்தாய்யா, புடி."

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகாராஜாவே அதைச் சொல்கிறார் என்றால் தன் தமிழில் பிழையே இல்லை என்று தீர்மானித்துவிட்டார். மகாராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

துரையின் பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டியதும் மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஓய் பிள்ளை, நிலம் உம்முடையதுதான். பக்கத்துத் தென்னந்தோப்பையும் சேர்த்துக் கொடுக்கிறேன். எப்படிக் கொடுக்கட்டும்? தூக்கிப் போடட்டுமா, கெஞ்சிக் கொடுக்கட்டுமா?"

பிள்ளை கைகட்டி நின்றார்.

"எப்படி வேணும்னாலும் கொடுங்க மகாராஜா. திவான் பார்த்துக்கிட்டிருக்கிறப்போ கொடுங்க."