ஒன்பது பானைத் தண்ணீர்

செந்நெல்லூர் குயிலாம்பிகை கோயிலில் விளக்குத் துலக்குவது மரகதத்தம்மாளின் காலைப் பணி. புளியும் செங்கல் பொடியும் கொண்டு ஒவ்வொரு விளக்கையும் தேய்த்துக் கழுவித் துடைத்து வைப்பார். பிறகு நான்கு வீடுகளுக்கு மாவரைத்துக் கொடுத்துத் தம் வயிற்றைக் கழுவுவார். இளமையிலேயே கணவரை இழந்தவர். அம்பிகையிடம் அவர் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. "இன்னிக்கு எனக்கு என்ன வேலை, தாயே?" என்று மட்டும் கேட்பார்.

அவ்வூருக்கு ரயில் வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. பெண்கள் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் மாதர் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தாம். பதினொரு பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடினார்கள். பிரசவத்துக்கு வேண்டிய துணிகளை வெந்நீரில் அலசி மடித்து வைத்தார்கள். சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி மனு எழுதினார்கள். "மாவரைக்கிறவ ஊரைத் திருத்த வந்துட்டா" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அம்மையார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பங்குனித் திருவிழாவின் நான்காம் நாள் வாந்திபேதி கண்டது. வெளியூர் ஜனங்கள் கோயில் குளத்தில் குளித்து, அதே நீரைத் தீர்த்தமென்று குடித்தார்கள். இரண்டு நாளில் ஆறு பேர் இறந்தார்கள். சங்கத்துப் பெண்கள் தெற்கு வீதியில் தண்ணீர்ப்பந்தல் போட்டு, கிணற்று நீரைக் காய்ச்சி ஆற்றி, ஒன்பது பானைகளில் நிரப்பினார்கள்.

தர்மகர்த்தா வேதாசலம் பிள்ளை ஆளனுப்பி அம்மையாரை அழைத்தார்.

"அம்பாள் தீர்த்தத்தைக் குடிக்கக் கூடாதுன்னு சொல்றியாமே?"

"காய்ச்சிக் குடிக்கச் சொல்றேன் ஐயா."

"தீர்த்தத்தை நம்பாதவளுக்குச் சன்னிதியில என்ன வேலை? நாளையிலேர்ந்து விளக்கைத் தொடாதே."

அம்மையார் வெளியே வந்தார். கோபுர வாசலில் நின்று கும்பிட்டார். "வேலையை மாத்திக் கொடுத்துட்டே. சரி" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு நடந்தார்.

ஏழாம் நாள் பல்லக்கு உற்சவம். பெருங்கூட்டம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கிழக்கு வீதியில் நாதஸ்வரம் கேட்டது. பல்லக்கு வருவதற்கு இன்னும் ஒரு வீதிதான் பாக்கி. அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டுத் திரும்பிய அம்மையார், சங்கத்தின் காரியதரிசி அலர்மேலு கடைசிப் பானைமேல் குனிந்திருப்பதைக் கண்டார். அவள் கையில் சிறு செம்பும் உத்தரணிக் கரண்டியும் இருந்தன.

"அதென்ன?"

"குளத்துத் தீர்த்தம் அக்கா. வெறும் தண்ணி வேணாம், தீர்த்தம்தான் வேணும்னு ஜனங்க திரும்பிப் போறாங்க. அதான் எல்லாப் பானையிலும் ஒரு உத்தரணி விட்டேன். காய்ச்சின தண்ணிதானே, ஒண்ணும் ஆகாதே?"

அம்மையார் திரும்பிப் பார்த்தார். பந்தல் முகப்பில் ஒரு தாய் தன் மகளின் வாயருகே குவளையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டார். குவளை தெருவில் உருண்டது. குழந்தை வீறிட்டது.

"யாராவது குடிச்சாங்களா? சொல்லு அலர்மேலு, யாராவது?"

"இப்பத்தான் விட்டேன் அக்கா. இதுதான் முதல் குவளை."

அம்மையார் முதல் பானையைச் சாய்த்தார். பிறகு இரண்டாவதை. கூட்டம் கூச்சலிட்டது.

"தாகத்துக்கு வந்த புள்ளையை அடிக்கிறா பாரு!"

"பேய் பிடிச்சுட்டுதுய்யா!"

"தண்ணியில தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னுது. மறுபடி காய்ச்சித் தரேன். கொஞ்சம் பொறுங்க" என்றார் அம்மையார். யாரோ எறிந்த தேங்காய் மட்டை அவர் தோளில் பட்டது. அவர் நிறுத்தவில்லை. ஒன்பதாவது பானையும் கவிழ்ந்தது.

அலர்மேலுவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வீதி நடுவே போய் நின்று கதறினாள். "அக்கா பேர்ல தப்பில்லே! குளத்துத் தண்ணியைக் கலந்தவ நான்! ஒரு கரண்டிக்காக அத்தனையையும் கொட்டிட்டாங்க!" அந்தப் பேச்சு கூட்டத்தில் வாய்க்கு வாய் மாறி, கிழக்கு வீதியில் வந்த பல்லக்கு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

சங்கத்துப் பெண்கள் பானைகளை வெந்நீர் ஊற்றி அலம்பினார்கள். புதிதாகக் காய்ச்சிய நீரில் மூன்று பானைகளே நிரம்பின. ஆவி அடங்கவில்லை. அதற்குள் பல்லக்கு தெற்கு வீதியில் திரும்பிவிட்டது.

பந்தலுக்கு நேரே வந்ததும் அது நின்றது. சுமந்து வந்தவர்கள் தாங்குகட்டைகளை ஊன்றிவிட்டார்கள்.

"அம்பாளை நிறுத்தி மண்டகப்படி செய்ய இங்கே யாருக்குமே உரிமை கிடையாதே! தூக்குங்கடா!" என்று தர்மகர்த்தா கத்தினார்.

முன்கொம்பு பிடித்த கொண்டையன் தோளை அசைத்துப் பார்த்தான். "தூக்க வரலீங்க. ஆத்தா கனக்குறா."

"நேத்து வரைக்கும் வாகனம் தூக்கினப்போ கனக்கலையா?"

"நேத்து வரைக்கும் தோள் பதினாறு இருந்துச்சுங்க. குளத்துத் தண்ணி குடிச்சு ரெண்டு பேர் படுத்துட்டாங்க. ஒரு கரண்டிக்கு ஒன்பது பானையைக் கொட்டுன கையில தண்ணி வாங்கிக் குடிக்கணும்னு ஆத்தா நினைக்கிறாளோ என்னமோ! எங்களுக்கும் அதேதான்."

பதினான்கு பேரும் கையேந்தினார்கள். அம்மையார் ஊற்றினார். "சுடும்பா, பார்த்து" என்றார். ஊதி ஊதிக் குடித்தார்கள். அதைப் பார்த்த ஜனங்கள் வரிசை கட்டினார்கள். குவளை தட்டிவிடப்பட்ட குழந்தையின் தாயும் அதில் வந்து நின்றாள்.

அம்பாள் பல்லக்கு நின்ற இடத்தில் தீபாராதனை காட்ட வேண்டும். அந்த இடத்துக்கு உரியவருக்கு மாலைப் பிரசாதம் தர வேண்டும். அது கோயில் வழக்கம். குருக்கள் கற்பூரம் காட்டினார். பிறகு அம்பாள் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டு தயங்கினார்.

"கைம்பெண்ணுக்கா மாலை?" என்றார் தர்மகர்த்தா.

குருக்கள் ஒரு கணம் பல்லக்கை நிமிர்ந்து பார்த்தார். "நின்னது அம்பாள். நான் யார் மறுக்க?" என்று சொல்லி, அம்மையாரின் கரி படிந்த கைகளில் மாலையை வைத்தார்.

அம்மையார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீரைத் துடைக்க நேரமில்லை. வரிசை கோயில் வாசல்வரை நீண்டிருந்தது. மாலையைப் பந்தல் காலில் மாட்டிவிட்டு அகப்பையை எடுத்தார். கொண்டையன் தோள் கொடுத்தான். பல்லக்கு பூப்போல எழுந்தது.

தாகத்தோடு வந்தவர் எவரையும் ஆபத்தில் விட்டுவிடாத அம்மையாரின் அன்பை அம்பிகை அறிந்தாள். நாமும் அறிந்து வணங்குவோம்.